இரண்டாம் பூச்சுக்கு முன்

பத்துக்கு ஒன்பது.
கட்டில் எடுத்தது பாதி,
அலுமாரி எடுத்தது மீதியில் பாதி.
கதவு திறக்க விட்ட இடத்தில்தான்
நானும் டெரன்ஸும் சண்டை பிடிப்போம்.
யன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்.
கையை நீட்டினால் அதன் பாசியைத் தொடலாம்.
ஜிந்துப்பிட்டியில் இந்தக் காசுக்கு
இதற்கு மேல் கேட்கக் கூடாது.

பழைய சோனகத் தெருவில் நவ்ஃபர் நானா
நிற அட்டையை விசிறியாக விரித்தார்.
"சின்ன அறையா? வெள்ளை அடிங்க,
பெரிசாத் தெரியும்."
தெரியும்தான்.
உப்புப் பூத்த இடங்களும் சேர்ந்து பெரிசாகும்.
நான் இளம் பச்சையில் விரல் வைத்தேன்.

டெரன்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
"அது பெரியாஸ்பத்திரிப் பச்சை."
டெங்கில் பதினொரு நாள்
வாட்டுச் சுவரைப் பார்த்துக் கிடந்தவன்.
ஏறுகிறதா இறங்குகிறதா என்று
இரத்த எண்ணிக்கை சொல்லும்வரை
அவன் பார்த்திருந்த நிறம்.
எனக்கு அது நினைவில்லை.
நான் அந்த நாட்களில் அவனைத்தான் பார்த்தேன்.

ஆனாலும் வாங்கினோம்.
கூடவே மஞ்சள் சாயம், சின்னப் போத்தல்.
கழுவிய தயிர்ச் சட்டியில்
சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினேன்.
முதல் தீற்றல்: "வாட்டு."
இரண்டாவது: "பள்ளிக்கூடக் கழிப்பறை."
மூன்றாவதற்கு ஒன்றும் சொல்லாமல்
கிட்டப் போய் மணந்து பார்த்தான்.
பிறகு சொன்னான்,
வெள்ளரிக்காயைப் பிளந்தால்
விதையை ஒட்டி ஒரு நிறம் இருக்குமே,
அது.

இரண்டு நாள் விட்டுப் பார்த்தோம்.
காலையில் சரி. பகலில் சரி.
ரியூப் லைட் போட்டால் மறுபடி வாட்டு.
லைட்டை மாற்றினோம்.

கூரைக்கும் அதே நிறம் என்றேன்.
சுவர் எங்கே முடிகிறது என்று
கண்ணுக்குத் தெரியக் கூடாது.
சின்ன அறைகளுக்கு அந்தப் பொய் நல்லது.

முதல் பூச்சில் எல்லாம் மறைந்தது,
கதவோரப் பென்சில் எழுத்தைத் தவிர.
சிங்களத்தில்: ரோஹண, த்ரீவீல்.
அதன் கீழ் ஒரு நம்பர்.
பச்சைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது,
ஆழமில்லாத் தண்ணீரில் மீன்போல.

ஏன் எடுத்தேன் என்று இன்றும் தெரியாது.
தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்,
உங்கள் நம்பர் எங்கள் சுவரில் இருக்கிறது.
கொஞ்ச நேரம் ஹோர்ன் சத்தங்கள் மட்டும்.
"அந்த நீல அறையா?"

வந்தார். நரைத்த மீசை.
செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார்.
முந்தி இருந்தவ பெயர் சந்திராணி.
இரவில் கூப்பிட்டால் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாவாம்,
ஏறின பிறகுதான் எங்கே என்று சொல்லுவாவாம்.
அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.
அறையைச் சுற்றிப் பார்த்தார்,
சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது,
இருந்த இடத்திலேயே தலையைத் திருப்பினார்.
"சுவர் ஏதும் உடைச்சீங்களா?"

டெரன்ஸுக்கு அன்றுதான் பல்லுத் தெரிந்தது.

பிரஷ்ஷை ரோஹணவே வாங்கிக்கொண்டார்.
தன் பெயரின் மேல் இரண்டு இழுப்பு,
நம்பரின் மேல் மூன்று.
"ஃபோனில சேவ் பண்ணுங்க,
சுவரை நம்ப ஏலாது."

இரவு மழை.
பெயின்ட் காய வேண்டுமென்று
யன்னலைத் திறந்தே விட்டோம்.
அடுத்த வீட்டுச் சுவர்ப் பாசி நனைந்து வெளுத்து
எங்கள் பச்சைக்கு வந்துவிட்டது.
படுத்திருந்து பார்க்க
அறை யன்னலைத் தாண்டி
இரண்டு அடி போயிருந்தது.

வீட்டுக்கார மிஸிஸ் பெர்னாண்டோவுக்கு
நாங்கள் சொல்லவில்லை.
வாடகையைக் கூட்டிவிடுவா.